நடுநிலைப் பள்ளியில் நலவாழ்வுச் சமநீதி: கற்பித்தலின் தேவையும் வழிமுறைகளும்

இந்தியப் பள்ளிகளில் உடல்நலம் பற்றிய பாடம் நெடுங்காலமாகத் தனிமனிதப் பழக்கங்களின் பாடமாகவே இருந்துவருகிறது. உண்பதற்கு முன் கைகழுவுதல், கொதித்து ஆறிய நீரைப் பருகுதல், கீரையும் பயறும் சேர்த்துக்கொள்ளுதல், நகம் வெட்டுதல் ஆகியவை பாடநூல்களில் ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெறுகின்றன. அவை தேவையானவை என்பதில் ஐயமில்லை. எனினும், தெருக்குழாயில் நான்கு நாளுக்கு ஒருமுறை நீர் வரும் பகுதியில் வாழும் குழந்தைக்கும், வீட்டிலேயே சுத்திகரிப்புக் கருவி வைத்திருக்கும் குடும்பத்துக் குழந்தைக்கும் இந்த அறிவுரைகள் ஒரே பொருளைத் தருவதில்லை. அறிவுரையைக் கடைப்பிடிக்கும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை, அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அதைக் குறைக்க முடியுமா என்னும் கேள்விகளை வகுப்பறைக்குள் கொண்டுவருவதே நலவாழ்வுச் சமநீதிக் கல்வியின் நோக்கமாகும். அக்கல்வியை ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவருக்கு ஏன் அளிக்க வேண்டும், எந்தப் பாடங்களின் வழியாக அளிக்கலாம், அதில் எவற்றைக் குறித்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பவற்றை இந்தியச் சூழலில், குறிப்பாகத் தமிழ்நாட்டின் அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்தின் வரையறை

மக்களிடையே உடல்நலத்தில் காணப்படும் எல்லா வேறுபாடுகளும் அநீதி ஆகிவிடுவதில்லை. முதியவர்கள் இளைஞரைவிட அதிகமாக நோயுறுவது இயற்கை. ஆனால் ஒரே ஆண்டில் பிறந்த இரு குழந்தைகளில் ஒன்று நகரத்திலும் மற்றொன்று மலைக் கிராமத்திலும் பிறந்த காரணத்தாலேயே அவற்றின் உயிர்பிழைக்கும் வாய்ப்பு வேறுபடுமானால், அது வேறு வகையைச் சேர்ந்தது. மார்கரெட் ஒயிட்ஹெட் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகத்துக்காக எழுதிய கட்டுரையில், தேவையற்றவையும் தவிர்க்கக்கூடியவையும் நியாயமற்றவையுமான வேறுபாடுகளையே சமநீதியின்மை எனக் கொள்ள வேண்டும் என வரையறுத்தார். எல்லோருக்கும் ஒரே அளவு வழங்குவது சமத்துவம் என்றால், அவரவர் தேவைக்கும் தடைக்கும் ஏற்ப வழங்கி அனைவரும் நலமடையும் நிலையை உருவாக்குவது சமநீதி எனலாம். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2002-இல் இக்கருத்தை மேலும் கூர்மைப்படுத்தினார்: ஒத்த பராமரிப்புக் கிடைக்கும்போது பெண்கள் பொதுவாக ஆண்களைவிட நீண்டகாலம் வாழ்கின்றனர் என்பதற்காக, ஆயுளைச் சமப்படுத்தும் பொருட்டுப் பெண்களுக்கான மருத்துவக் கவனிப்பைக் குறைப்பதை எவரும் நீதி என ஏற்கமாட்டார்கள், எனவே விளைவை மட்டுமல்லாமல் அதை அடையும் வழிமுறையின் நியாயத்தையும் சேர்த்தே அளவிட வேண்டும் என்பது அவர் வாதம்.

நோயின் வேர் சமூகத்திலும் இருக்கிறது என்னும் எண்ணம் புதியதன்று. 1848-இல் மேல் சிலேசியாவில் பரவிய டைஃபஸ் காய்ச்சலை ஆராயச் சென்ற ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் வீர்சோ, அதற்குத் தீர்வாகக் கல்வியையும் மக்களாட்சியையும் சாலை வசதியையும் பரிந்துரைத்தார். மக்கள் பிறந்து, வளர்ந்து, உழைத்து, முதுமையடையும் சூழல்களே உடல்நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று, மைக்கேல் மார்மட் தலைமையில் 2005 முதல் 2008 வரை இயங்கிய உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் அறிவித்தது. இச்சூழல்களே 'நலத்தின் சமூகக் காரணிகள்' எனப்படுகின்றன. 1967-இல் பிரித்தானிய அரசு ஊழியரிடையே தொடங்கப்பட்டதும் பின்னர் மார்மட்டின் பங்களிப்பால் புகழ்பெற்றதுமான ஒயிட்ஹால் ஆய்வில், மிகக் கீழ்நிலைப் பணியில் இருந்த ஆண்களின் இறப்பு விகிதம் மிக மேல்நிலையில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இவர்கள் யாரும் வறுமையில் வாடியவர்கள் அல்லர். ஆயினும் பதவிப் படிநிலையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் நலம் குறைந்தது. 'சமூகப் படிச்சரிவு' எனப்படும் இந்த உண்மை, நலவாழ்வுச் சமநீதி என்பது ஏழைகளைப் பற்றிய தனிப் பேச்சன்று, சமூகம் முழுவதையும் தழுவிய கேள்வி என்பதைக் காட்டுகிறது.

பதினொன்று முதல் பதினான்கு வயது வரை

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தை, அதாவது 11 முதல் 14 வயது வரையிலான பருவத்தை, நடுநிலைக் கட்டமாகத் தனியே வகுத்துள்ளது. ஜீன் பியாஜேயின் வளர்ச்சிக் கோட்பாட்டின்படி, கண்ணால் காணும் பொருள்களைத் தாண்டிக் கருத்துகளையும் கருதுகோள்களையும் கொண்டு சிந்திக்கும் ஆற்றல் ஏறக்குறைய இந்த வயதில்தான் அரும்புகிறது. 'ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம்', 'சராசரி என்பது ஒவ்வொருவரின் நிலையும் அன்று', 'விதி மாறினால் விளைவு மாறும்' ஆகிய மூன்று எண்ணங்களையும் கையாளும் திறன் இன்றி நலவாழ்வுச் சமநீதியைப் புரிந்துகொள்ள இயலாது. அத்திறன் உருவாகும் பருவத்திலேயே அதற்குரிய பொருளையும் அளிப்பது பொருத்தமானது.

மற்றொரு காரணமும் உண்டு. உலகில் அவரவர்க்குத் தக்கதே அவரவர்க்குக் கிடைக்கிறது என்று நம்ப விரும்பும் மனப்போக்கை உளவியலாளர் மெல்வின் லெர்னர் விரிவாக ஆராய்ந்தார். இந்நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தாமல் வளரும் மாணவர், நோயுற்றவரைச் சோம்பேறி என்றும், சேரியில் வாழ்பவரைச் சுத்தமற்றவர் என்றும், படிக்காத தாயைப் பொறுப்பற்றவர் என்றும் எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். பழிசொல்லும் இவ்விளக்கங்கள் இறுகுவதற்கு முன், காரணங்களைத் தேடும் பழக்கம் விதைக்கப்பட வேண்டும். அந்தப் பழக்கமே இக்கல்வியின் உயிர்நாடி: 'யாருடைய குற்றம்?' என்பதிலிருந்து 'எந்த ஏற்பாடு இதை விளைவித்தது?' என்பதற்கு மாணவரின் கேள்வி நகர்வதை விடப் பெரிய கற்றல் விளைவு இதில் வேறில்லை.

பாடத்திட்டத்தில் இன்றைய நிலை

இந்தியாவில் இக்கல்விக்கான வாசல் ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் 2020 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பள்ளி நலவாழ்வுத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலவாழ்வுத் தூதர்களாகப் பயிற்றுவிக்கவும், பதினொரு கருப்பொருள்களை வாராந்திர வகுப்புகளில் செயல்பாடுகள் வழியாகக் கற்பிக்கவும் வகை செய்கிறது. ஊட்டச்சத்து, மனநலம், பாலினச் சமத்துவம், போதைப்பொருள் தடுப்பு, இணையப் பாதுகாப்பு ஆகியவை அக்கருப்பொருள்களில் அடங்கும். பாலினம் நீங்கலாக, சாதி, வருமானம், வாழிடம், உடற்குறை ஆகியவற்றால் உண்டாகும் நல வேறுபாடுகள் அப்பட்டியலில் தனிக் கருப்பொருளாக இல்லை. பெரும்பாலான கருப்பொருள்கள் மாணவரின் சொந்த நடத்தையை மையமாகக் கொண்டவை.

இதற்கு மாறான முன்னுதாரணமும் இருக்கிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் பல ஆண்டுகள் ஏழாம் வகுப்புக்கு வழங்கிய சமூக அரசியல் வாழ்வு பாடநூலில், நலவாழ்வில் அரசின் பங்கு குறித்து முழு அத்தியாயம் இருந்தது. அரசு மருத்துவமனையையும் தனியார் மருத்துவமனையையும் நாடிய இரு சிறுவர்களின் அனுபவங்களை அது ஒப்பிட்டது. மேற்கு வங்கத்தில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து காயமடைந்த விவசாயத் தொழிலாளி ஒருவரைப் பல மருத்துவமனைகள் சேர்க்க மறுத்த வழக்கையும், உரிய நேரத்தில் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் விளக்கியது. கோஸ்டாரிகா நாட்டின் கொள்கையையும், கேரளத்தில் பஞ்சாயத்துகளுக்கு நிதி பகிரப்பட்டதையும் எடுத்துக்காட்டாக வைத்தது. நலவாழ்வை உரிமையாகவும் பொதுப்பொறுப்பாகவும் பன்னிரண்டு வயது மாணவருக்குச் சொல்ல முடியும் என்பதற்கு அந்த அத்தியாயமே போதிய சான்று. குறை என்னவெனில், அறிவியல் ஆசிரியர் கிருமியைப் பற்றியும் சமூக அறிவியல் ஆசிரியர் உரிமையைப் பற்றியும் தனித்தனியே பேச, இரண்டும் சந்திக்கும் இடத்தை எவரும் கற்பிப்பதில்லை.

காசநோய்: இரு பாடங்கள் சந்திக்கும் இடம்

அந்தச் சந்திப்பை உருவாக்குவதற்குக் காசநோய் மிகப் பொருத்தமான பொருளாகும். காசநோய் ஒரு பாக்டீரியாவால் உண்டாகிறது என்பதையும், அது காற்றின் வழியே பரவுகிறது என்பதையும் அறிவியல் வகுப்பு கற்பிக்கிறது. ஆனால் அக்கிருமி உடலில் புகுந்த அனைவரும் நோயாளி ஆவதில்லை. பெரும்பாலோரின் உடலில் அது வாழ்நாள் முழுவதும் அடங்கியே கிடக்கிறது. யாருடைய உடலில் அது நோயாக வெடிக்கிறது என்று கேட்கும்போது, காற்றோட்டமற்ற ஒற்றை அறையில் பலர் உறங்கும் வீடு, ஊட்டக்குறை, தூசி நிறைந்த வேலையிடம், கூலி போய்விடும் என்று மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடும் நிலை ஆகியவை ஒவ்வொன்றாக முன்வருகின்றன. மாணவர்கள் கரும்பலகையில் நடுவே நோயாளியை வரைந்து, 'அது ஏன்?' என்று ஐந்து முறை தொடர்ந்து கேட்டுப் பின்னோக்கிச் சென்றால், கிருமியில் தொடங்கும் சங்கிலி வீட்டுவசதியிலும் கூலியிலும் போய் முடிவதைத் தாங்களே கண்டடைவர்.

இச்சங்கிலியின் ஒரு கண்ணியை மாற்றினால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. ஜார்க்கண்ட் மாநிலத்தில், சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்கேற்புடன் நடத்தப்பட்டு 2023-இல் முடிவுகள் வெளியான ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் நோய்த்தடுப்புக் கருவியாக இயங்கிய இந்நிகழ்வைக் கற்கும் மாணவருக்கு, பொது விநியோகக் கடை ஏன் மருத்துவமனையைப் போலவே நலவாழ்வு நிறுவனம் ஆகிறது என்பது தெளிவாகும். அதே சென்னையில் 1956-இல் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு, எளிய குடும்பத்து நோயாளிகள் தம் வீட்டிலேயே இருந்து மருந்து உட்கொண்டாலும் காசநோய் மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவோர்க்கு இணையாகக் குணமடைகின்றனர் என்று மெய்ப்பித்தது. படுக்கை கிடைத்தவர்க்கு மட்டும் என்றிருந்த சிகிச்சையை எல்லோர்க்கும் எட்டச் செய்து, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றிய அந்த ஆய்வு, தமிழ்நாட்டு மாணவர் அறிய வேண்டிய அறிவியல் வரலாறாகும்.

எண்களைப் படித்தல்

நலவாழ்வுச் சமநீதியைக் கணித வகுப்பிலும் கற்பிக்கலாம். அங்கேதான் அது உணர்ச்சிப் பேச்சாக நின்றுவிடாமல் ஆராய்ச்சியாக மாறுகிறது. ஆயிரம் உயிருள்ள பிறப்புகளில் எத்தனைக் குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறக்கின்றன என்பதைக் குறிக்கும் குழந்தை இறப்பு விகிதம், விகிதசமம் பயிலும் ஏழாம் வகுப்பு மாணவருக்கு எளிதில் விளங்கக்கூடிய அளவு. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அது 28. மத்தியப் பிரதேசத்தில் 43, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. மத்தியப் பிரதேசத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான வேறுபாடு 30. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலானது 7 மட்டுமே. ஆனால் வகுத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் விகிதம் கேரளத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல். கழித்தல் ஒரு செய்தியையும் வகுத்தல் மற்றொரு செய்தியையும் தருவதையும், இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பதையும் இப்பயிற்சி உணர்த்துகிறது. நாட்டின் சராசரி 28 என்றாலும் ஊர்ப்புறத்தில் 31, நகர்ப்புறத்தில் 19 என்று பிரிந்து நிற்பதைக் காணும் மாணவர், சராசரிக்குள் மறைந்திருப்பவர்களைத் தேடக் கற்றுக்கொள்கின்றனர்.

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு மேலும் நுட்பமான பாடங்களைத் தருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், மிக வறிய ஐந்திலொரு பங்குக் குடும்பங்களில் 46 விழுக்காடு. மிக வசதியான ஐந்திலொரு பங்கில் 23 விழுக்காடு. வறுமையில் இருப்போருக்கு இடர் இரு மடங்கு என்பது இதன் முதற்பொருள். வசதியான வீடுகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை வளர்ச்சி குன்றியிருப்பதால், பணம் மட்டுமே விளக்கமாகாது, தாயின் உடல்நலம், கல்வி, தெருவின் கழிவுநீர் ஆகியவற்றையும் ஆராய வேண்டும் என்பது இரண்டாம் பொருள். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினரும், அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். இவ்வேறுபாட்டில் ஒரு பகுதி மாதவிடாயால் விளைவது என்பதால் அது இயற்கை என்று ஒரு மாணவர் கூறலாம்; அப்போது ஒயிட்ஹெட்டின் வரையறையை நினைவூட்டி, இரும்புச்சத்து இழப்பு இயற்கையே ஆயினும் அதை ஈடுசெய்யும் வழி அறியப்பட்டிருக்க, அது கிடைக்காமற்போவதும் இயற்கைதானா என்று வினவலாம். வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்னும் கேள்வியும், பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை ஏன் தரப்படுகிறது என்பதன் விளக்கமும் இவ்விடத்தில் தாமே எழும்.

மாறியவற்றின் வரலாறு

அநீதிகளை மட்டும் அடுக்கிச் சொல்லும் கல்வி இளம் மனத்தில் சோர்வையோ குற்ற உணர்வையோ விளைவிக்கும். எனவே ஒவ்வொரு சிக்கலோடும் அதை மாற்ற மனிதர் மேற்கொண்ட முயற்சியையும் கற்பிப்பது இக்கல்வியில் கட்டாயமாகும். இதற்குத் தமிழ்நாட்டு மாணவரின் மதிய உணவுத் தட்டிலேயே ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் தொடங்கிய உணவுத் திட்டம், 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிவடைந்து, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாகப் பெருகியது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. தொடங்கியபோது அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானதாக இருந்தது. ஐந்தாம் வகுப்பில் உண்டவர்க்கு ஆறாம் வகுப்பில் பசி நின்றுவிடுமா, நிதி வரம்புக்குள் யாருக்கு முதலில் வழங்குவது நியாயம் என்று நடுநிலை மாணவரே விவாதிப்பது, சமநீதியைக் கொள்கை வகுப்பவரின் இடத்தில் நின்று சிந்திக்கும் பயிற்சியாகும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் பழங்குடிப் பெண்களையே நலப்பணியாளர்களாகப் பயிற்றுவித்த மருத்துவ முயற்சி ஆகியவையும், நோயாளி மருத்துவத்தை நாடி வர முடியாதபோது மருத்துவமே நாடிச் செல்லலாம் என்பதற்குக் கற்பிக்கத்தக்க சான்றுகள்.

கற்பிக்கும் முறையும் எச்சரிக்கைகளும்

நலவாழ்வு எழுத்தறிவை டான் நட்பீம் மூன்று நிலைகளாகப் பகுத்தார்: தகவலைப் படித்துப் பின்பற்றுவது அடிப்படை நிலை, பிறரோடு உரையாடிப் பயன்படுத்துவது இரண்டாம் நிலை, சூழலை ஆராய்ந்து அதை மாற்ற முயல்வது திறனாய்வு நிலை. பள்ளிகள் பெரும்பாலும் முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. மூன்றாம் நிலையை எட்டுவதற்கான வழிகள் இந்தியாவிலேயே உருவாகியுள்ளன. 1972 முதல் 2002 வரை மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான ஊர்ப்புற மாணவர்கள் தம் சுற்றுப்புறத்தையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு கற்க முடியும் என்று காட்டியது. 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, உள்ளூர்ச் சிக்கலைச் சிறு குழுவாக ஆராயும் மரபை வளர்த்துள்ளது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதில் நீண்டகாலமாகப் பங்காற்றிவருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும் பேருந்து நேரங்களைக் குறித்தல், தெருவாரியாகக் குழாய்களை வரைபடத்தில் இடுதல், நிழலுள்ள தெருக்களையும் நிழலற்ற தெருக்களையும் ஒப்பிடுதல் ஆகியவை செலவின்றி நடத்தக்கூடிய ஆய்வுகள்.

இவற்றில் ஓர் எல்லையைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும்: ஆராயப்பட வேண்டியது ஊரின் ஏற்பாடே தவிர, வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தையின் வீடு அன்று. யார் வீட்டில் கழிப்பறை இல்லை, யார் காலையில் உண்ணவில்லை என்று கைதூக்கச் சொல்வதும், எல்லோர் முன்னிலையிலும் எடைபார்த்து அறிவிப்பதும், சமநீதியின் பெயரால் இழைக்கப்படும் அவமதிப்பாகும். சாதியைப் பேசும்போது இக்கவனம் இன்னும் மிகுதியாகத் தேவை. மனிதரே கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்ட பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் மரணங்கள் தொடர்வதை மறைப்பது கல்வி ஆகாது. அதே வேளையில், அப்பணியோடு பிறப்பால் பிணைக்கப்பட்ட சமூகத்துக் குழந்தை அவ்வகுப்பில் தலைகுனிய நேரிட்டால் பாடம் தோற்றுவிட்டது என்றே பொருள். நகரைத் தூய்மையாக வைத்திருப்போரே அதன் நச்சை ஏன் சுமக்க வேண்டும், இயந்திரமும் பாதுகாப்பும் இருக்க அவை ஏன் எட்டவில்லை என்று கேள்வியை ஏற்பாட்டின் மீது வைக்கும்போது, இரக்கத்துக்குப் பதிலாக மதிப்பும் நீதியுணர்வும் எழும்.

இவ்வயதுக் குழந்தைகளுக்கு இது சுமை, வகுப்பறைக்குள் அரசியல் புகும் என்னும் மறுப்புகளும் எழுப்பப்படுவதுண்டு. சுமையைப் பொறுத்தவரை, இக்கருத்துகள் புதிய பாடநூல் ஒன்றைக் கோரவில்லை. ஏற்கெனவே உள்ள விகிதசமம், தொற்றுநோய், உள்ளாட்சி ஆகிய பாடங்களுக்கு உரிய எடுத்துக்காட்டுகளையே கோருகின்றன. அரசியலைப் பொறுத்தவரை, அரசின் பொறுப்பை அறிவது குடிமைக் கல்வியின் பகுதி. எந்தக் கட்சியையும் போற்றாமலும் தூற்றாமலும், எல்லா ஆட்சிக் காலங்களின் தரவுகளையும் மாணவர் முன் வைத்து அவர்களையே முடிவுக்கு வரச்செய்வது ஆசிரியரின் கடமை. அதற்கு ஆசிரியர்க்குத் தரவுகளைக் கையாளவும், வலியுண்டாக்கும் உரையாடலைத் தாங்கி நடத்தவும் பயிற்சி வேண்டும். இன்றைய பணியிடைப் பயிற்சிகளில் இவ்விரண்டும் சேர்க்கப்பட வேண்டியவை.

பள்ளியே பாடமாக

மாணவர் கற்பவற்றைப் பள்ளியின் நடைமுறை பொய்யாக்கினால் எந்தப் பாடமும் நிலைக்காது. இருபாலர்க்கும் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வரையறுக்கிறது. அக்கழிப்பறையில் நீர் வருகிறதா, சக்கர நாற்காலியில் வருபவர் அதைப் பயன்படுத்த முடியுமா, அதைத் தூய்மை செய்வது பணியாளரா அல்லது குறிப்பிட்ட சில மாணவரா என்பவற்றை மாணவர்களே ஆராய்ந்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கும் வாய்ப்பைப் பெற வேண்டும். மதிப்பீடும் இதற்கேற்ப மாற வேண்டும்: வரையறையை மனப்பாடமாக எழுதுவதைக் காட்டிலும், அறிமுகமற்ற ஓர் அட்டவணையைக் கொடுத்தால் அதில் மறைந்திருக்கும் வேறுபாட்டைக் கண்டு, தவிர்க்கக்கூடிய காரணங்களைப் பிரித்து, நிறைவேற்றத்தக்க ஒரு மாற்றத்தையும் அதைச் செய்ய வேண்டிய அமைப்பையும் மாணவர் குறிப்பிடுகிறாரா என்பதே கற்றலின் அளவுகோலாகும்.

நலவாழ்வுச் சமநீதிக் கல்வி, தனிமனிதப் பழக்கங்களைக் கற்பிக்கும் பழைய பாடத்துக்கு எதிரானதன்று. அதை நிறைவு செய்வது. கைகழுவக் கற்ற குழந்தை, கைகழுவும் நீர் எல்லோர்க்கும் கிடைக்க என்ன வேண்டும் என்றும் கற்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. தமிழ்நாட்டின் பொதுநலவாழ்வுச் சாதனைகள் பலவும் ஒரு தலைமுறையினர் தம் காலத்து வேறுபாடுகளைத் தலைவிதி என ஏற்க மறுத்ததால் விளைந்தவை. எஞ்சியிருக்கும் வேறுபாடுகளைக் குறைக்கப்போகும் செவிலியரும் பொறியாளரும் ஊராட்சி உறுப்பினரும் வாக்காளரும் இன்று ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில் பயில்கின்றனர். நோய்க்குக் கிருமியை மட்டும் காரணமாகக் காட்டும் கல்வியை அவர்களுக்கு அளிப்பதா, அல்லது கிருமியையும் கூலியையும் வீட்டையும் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் கல்வியை அளிப்பதா என்பதைப் பாடத்திட்டம் வகுப்போர் இப்போதே தீர்மானிக்க வேண்டும். இரண்டாவதே உண்மைக்கு நெருக்கமானது என்பதை இதுவரை கண்ட சான்றுகள் ஐயமற உணர்த்துகின்றன.